மானம் போகும் தூரம்

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. செய்கிற வேலைதான் பெயர். கை வைத்துத் தைக்கிறவள் கை. பை தைக்கிறவள் பாக்கெட். "கை, இந்த பாக்கெட் எங்கம்மா போனா?" என்று சூப்பர்வைசர் கத்துவதைக் கேட்டால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடுவார்கள். இந்தக் கதையில் வருகிறவளின் பெயர் காலர். கழுத்துப் பட்டை வைப்பது அவள் வேலை. வயதில் சின்னவர்களுக்குக் காலர் அக்கா.

சட்டையில் மற்ற எல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஒப்பேற்றிவிடலாம். காலரில் முடியாது. இரண்டு முனையும் ஒரே கூர்மையில், ஒரே நீளத்தில் நிற்க வேண்டும். ஒரு நூலிழை பிசகினாலும் போட்டுக்கொள்கிறவன் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்பதுபோல் தெரியும். அவள் கைக்கு அது படிந்துவிட்டது. அதனால் அவளுக்கு ஜன்னலோர மெஷின் கிடைத்தது. வெளிச்சம் நேராக ஊசிமேல் விழும். தலையை நிமிர்த்தினால் வெளிகேட் தெரியும், வாட்ச்மேன் கூண்டு தெரியும், ஒரு மரமும் தெரியும். பிறந்ததிலிருந்து அவள் தனக்கென்று சம்பாதித்தது அந்த ஒரு இருக்கைதான். வீட்டில்கூட அவளுக்கென்று தனியாக ஒரு நாற்காலி கிடையாது.

அந்த இருக்கை கையைவிட்டுப் போகிற நிலைமை வந்துவிட்டது. ஏன் வந்தது என்று சொல்ல வேண்டுமானால் அவள் வீட்டுக்காரருடைய மானத்தைப் பற்றிச் சொல்லித்தான் தீரவேண்டும். சொல்ல ஆரம்பித்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

அவர் நல்ல மனிதர்தான். குடி கிடையாது, கை ஓங்குகிற பழக்கம் கிடையாது. மானம் மட்டும்தான் உண்டு. அந்த வீட்டில் மூன்று சொற்கள் காலையிலிருந்து இரவு வரை புழங்கின. மானம், மரியாதை, கௌரவம். மானம் எந்த நேரமும் போய்க்கொண்டே இருக்கும். மரியாதையை ஊரில் உள்ளவர்கள் எல்லோரும் அவருக்குக் கொடுக்க வேண்டும், கொடுக்க மாட்டார்கள். கௌரவத்தை அவர் பார்ப்பார். அவர் கௌரவம் பார்க்கிறபோதெல்லாம் வேறு யாராவது வேலை பார்க்க வேண்டியிருக்கும். அது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இந்த மூன்று சொற்களில் அவள் பங்குக்கு வந்தது ஒன்றே ஒன்று. அவள் மானத்தை வாங்குகிறவள். "என் மானத்தை வாங்காதே" என்று அவர் சொல்வாரே, அந்த வாக்கியத்தில் மட்டும்தான் அவளுக்கு இடம். அவளுக்கென்று ஒரு மானம் இருந்து, அது எப்போதாவது போனதாக அந்த வீட்டில் பேச்சே எழுந்ததில்லை.

மகள் பிறந்த அன்று நடந்ததை அவள் இன்னும் மறக்கவில்லை. வலி எடுத்து வாடகை வண்டியில் போகிறார்கள். புது ஊர், டிரைவருக்கும் வழி தெரியவில்லை. ஆஸ்பத்திரி எங்கே என்று ரோட்டில் நிற்கிற ஒரு ஆளைக் கேட்டால் முடிந்தது. இவர் கேட்க மாட்டார். "எனக்குத் தெரியும், நேரா விடுங்க" என்கிறார். வண்டி ஒரே கடைத்தெருவைச் சுற்றிச் சுற்றி வருகிறது. கடைசியில் அவள்தான் பல்லைக் கடித்துக்கொண்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டி, ஒரு பழக்கடைக்காரனிடம் வழி கேட்டாள். குழந்தை பிறந்து, துணியில் சுற்றிக் கையில் கொடுத்த பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை: "நடுரோட்டுல கத்தி என் மானத்தை வாங்கிட்டே."

வேலைகளும் அப்படித்தான் போயின. டைல்ஸ் கிடங்கில் முதலாளி "யோவ்" என்றாராம். எழுந்து வந்துவிட்டார். பிரஸ்ஸில் தன்னைவிடச் சின்னப் பையனை டீ வாங்கிவர அனுப்பாமல் இவரை அனுப்பினார்களாம். எழுந்து வந்துவிட்டார். வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அன்று சாயங்காலமே அவள் முதலாளி வீட்டு வாசலில் நிற்பாள். "கோவக்காரருங்க, மனசுல ஒண்ணும் கிடையாதுங்க" என்று அவருக்காக இவள் மன்னிப்புக் கேட்பாள். சிலர் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். சிலர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். எப்படியானாலும் விடியும்வரை அவள் காத்திருந்ததில்லை. அது ஒரு பயம். இரண்டு பேர் சம்பாத்தியத்தில்தான் வீடு ஓடியது, மகள் நர்சிங் படித்தாள்.

கடைசியில் அவளே மேனேஜரிடம் சொல்லி அவரைத் தன் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டாள். கண்ணெதிரே இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. அவருக்குக் காஜா மெஷின் கொடுத்தார்கள். சட்டையில் பட்டன் நுழைகிற துளைக்குக் காஜா என்று பெயர். மெஷினே ஓரம் கட்டித் தைத்து, கத்தியை இறக்கி நடுவில் வெட்டிவிடும். துணியை நேராக வைக்க வேண்டும், நூல் தளர்ந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் மெக்கானிக் வயதில் சின்னவன். முதல் நாளே "இதுகூடத் தெரியாதாண்ணே?" என்று கேட்டுவிட்டான். அதற்குப் பிறகு நூல் தளர்ந்தால் என்ன, கத்தி மழுங்கினால் என்ன, இவர் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டார். காஜா பாதி வெட்டுப்பட்டும், ஓரம் பிரிந்தும் வரும். வரட்டும் என்று விட்டுவிடுவார்.

கெட்டுப்போன சட்டையில் செக்கிங் மேசையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, தைத்தவரிடமே திருப்பி அனுப்புவார்கள். ஆல்டர் என்பார்கள். எல்லோருக்கும் வரும். வைதுகொண்டே பிரித்துத் தைப்பார்கள். அவருக்கு முதல் ஸ்டிக்கர் வந்த அன்று அதைப் பிய்த்துக் கீழே போட்டார், ஸ்டூலைக் காலால் தள்ளினார், கேட்டைப் பார்த்து நடந்தார். அவள் ஓடுகிற மெஷினை அப்படியே விட்டுவிட்டு, தளத்தில் உள்ள அத்தனை பேரும் பார்க்க, பின்னாலேயே ஓடினாள். வாட்ச்மேன் எதிரில் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சிக் கூட்டிவந்தாள். அப்புறம் இன்னும் சில தடவை இதே கூத்து.

செக்கிங் மேசையில் இருந்தவள் கண்ணாடி அக்கா. தடித்த கண்ணாடி, நல்ல மனசு. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நாலைந்து சட்டைகளை மடித்துக் காதும் காதும் வைத்த மாதிரி இவள் மடியில் வைத்தாள்.

"உன் வீட்டுக்காரர் பீஸுதான். அவர்கிட்ட அனுப்புனா மறுபடி நீ கேட் வரைக்கும் ஓடணும். நீயே கையால சரி பண்ணிக் குடுத்துடு. நான் ஸ்டிக்கர் ஒட்டல."

"நீங்க நல்லா இருப்பீங்கக்கா" என்றாள் இவள். இதற்குப் போய் நன்றி சொன்னாளே என்று நினைத்தால் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. ஏப்ரன் பட்டையில் ஒரு ஊசி எப்போதும் குத்தியிருக்கும். மற்றவர்கள் டப்பாவைத் திறக்கும்போது இவள் காஜாவைப் பிரிப்பாள். வெட்டுப்படாததைப் பிளேடால் மெல்லக் கீறி, பிரிந்த ஓரத்தைக் கையூசியால் நெருக்கமாகச் சுற்றித் தைப்பாள். சாப்பாட்டு நேரம் போதவில்லை என்று டீ நேரமும் போனது. டீ நேரமும் போதாமல் காலரை வேகமாக ஓட்டி மிச்சம் பிடிக்க ஆரம்பித்தாள். காலர் என்ன, சொன்னபடி கேட்கிற பொருளா? ஒரு முனை மேலே பார்த்தது, ஒரு முனை கீழே பார்த்தது. காலர் அக்காவுக்கே சிவப்பு ஸ்டிக்கர் வந்தது. தளத்தில் யாரும் நம்பவில்லை. அப்புறம் நம்பிவிட்டார்கள்.

மகள் விடுதியிலிருந்து வந்திருந்தபோது அம்மாவின் விரல் நுனிகளைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள். "விட்டுடும்மா. அவர் வேலை, அவர் பாடு" என்றாள். "உனக்கென்ன தெரியும், உங்கப்பா கேட்டைத் தாண்டிட்டா அவ்வளவுதான்" என்றாள் இவள்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. தொழிற்சாலைக்கு ஆண்டுவிழா வந்தது. வருஷம் முழுக்க ஒரு சிவப்பு ஸ்டிக்கர்கூட வாங்காத தொழிலாளிக்கு முதலாளியே மேடையில் ஷீல்டு கொடுக்கப்போகிறார் என்று மேனேஜர் அறிவித்தார். அப்படி ஒரு ஆள் இருந்தார். ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். காஜா.

சாப்பாட்டுக் கூடத்தில் மேடை போட்டிருந்தார்கள். பேரைக் கூப்பிட்டதும் அவர் இஸ்திரி மடிப்புக் கலையாமல் நடந்து போனார். கண்ணாடியில் செய்த ஷீல்டு, மேலே தங்க நிற எழுத்து. முதலாளி மைக்கில் பேசினார். "வேலைல கௌரவம்னா என்னன்னு இவரப் பாத்துக் கத்துக்கணும்" என்றார். கைதட்டல் கூரையைத் தொட்டது. கண்ணாடி அக்கா இவளைப் பார்த்தாள். இவள் தன் கையைப் பார்த்தாள். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று இவளும் தட்டினாள். விரல் நுனி எரிந்தது.

வீட்டுக்கு வந்து அவர் ஷீல்டை டி.வி. மேல் வைத்தார். பிறகு அது தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது என்று ஜன்னலோரம் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அவளைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். ஏதோ ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று அவளும் முந்தியெல்லாம் நினைக்காததை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? காலர்ல உனக்கு இப்ப ஆல்டர் ரொம்ப வருதாம்."

அவள் விரல் நுனிகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"நான் மேடைல நிக்கிறேன். கீழ என் பொண்டாட்டி ஆல்டர் கேஸ்னு பேசுறாங்க. என் மானம் என்ன ஆகுறது? அவங்களா உன்ன எழுப்பி நூல் வெட்டுற மேசைக்கு அனுப்பினா அசிங்கம். நீயா கேட்டுப் போயிட்டா கௌரவம்."

"நான் எதுக்குங்க போகணும்?"

"நான் மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். அவளே மாத்திக்கிறேன்னு சொன்னான்னு சொல்லிட்டேன். நாளையிலேருந்து அங்க உக்காரு."

நூல் வெட்டுகிற மேசையில் உட்காருவதற்குத் தைக்கத் தெரிய வேண்டியதில்லை. தைத்து முடித்த சட்டையில் தொங்குகிற நூலைக் கத்தரிக்க வேண்டும், அவ்வளவுதான். புதிதாகச் சேர்கிறவர்களையும் கண் மங்கியவர்களையும் அங்கேதான் போடுவார்கள். கத்தியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும், அவர் மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டாள். இத்தனை நடந்த பிறகும் பாருங்கள், அதைத்தான் நினைத்தாள்.

காலையில் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். மேசைமேல் கிடந்த ஒரு சட்டையை எடுத்துக் காஜாவைத் திருப்பிக் காட்டினாள்.

"சார், இது மெஷின் தையல் இல்ல. பாருங்க, கைத்தையல். நான் தச்சது. வருஷம் பூரா அவரோட ஆல்டர் எல்லாத்தையும் நான்தான் சரி பண்ணேன். அதுல நேரம் போய்தான் என் காலர் கெட்டுது. என்னை என் இடத்துலயே விட்டுடுங்க, ஒரு ஸ்டிக்கர் வராம ஓட்டிக் காட்டறேன்."

மேனேஜர் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புரிந்துவிட்டது. புரிந்தது முகத்திலேயே தெரிந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத வேற யார்கிட்டயும் சொல்லிட்டீங்களாம்மா?"

"இல்ல சார்."

"சொல்லாதீங்க. முதலாளி கையால குடுத்த ஷீல்டு. போட்டோ கேட்டுல ஒட்டியாச்சு. இப்ப போயி அது தப்பான ஆளுன்னு சொன்னா கம்பெனி கௌரவம் என்ன ஆகும்?"

"அப்போ என் காலர் சார்?"

"நீங்களே மாறிக்கிறதா உங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரே. அப்படியே கௌரவமா போயிடுங்கம்மா. உங்களுக்கும் நல்லது."

அவள் வெளியே வந்து நடைபாதையில் நின்றாள். அவருக்கு ஒரு கௌரவம், கம்பெனிக்கு ஒரு கௌரவம். இரண்டும் பத்திரமாக இருக்க அவள் எழுந்திருக்க வேண்டும். யார் சட்டையைப் பிடித்து உலுக்குவது? எல்லோருமே மரியாதையாகத்தான் பேசுகிறார்கள்! அந்த மரியாதைதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. ஒருத்தன் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் திருப்பி இரண்டு வார்த்தை சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள்.

ஜன்னலோர மெஷினில் அதற்குள் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் பாதி எழுந்தாள். "உக்காரும்மா" என்று சொல்லிவிட்டு இவள் நூல் மேசைக்குப் போனாள்.

அந்த மேசை காஜாவுக்கும் செக்கிங்குக்கும் நடுவில் இருந்தது. அவர் வெட்டின காஜா எல்லாம் இப்போது முதலில் இவள் கைக்குத்தான் வந்தது. மூன்றாவதோ நாலாவதோ சட்டையிலேயே ஓரம் பிரிந்து தொங்கியது. அவள் கை தானாக ஏப்ரன் பட்டைக்குப் போய் ஊசியைத் தொட்டது. அங்கேயே நின்றது. கத்தரிக்கோலை எடுத்தாள், தொங்கின நூலை மட்டும் வெட்டினாள், சட்டையை மடித்தாள், செக்கிங் பக்கம் தள்ளினாள்.

கண்ணாடி அக்கா அதை விரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக இவளைப் பார்த்தாள்.

"என்ன செய்ய?"

"உங்க வேலைய செய்யுங்கக்கா. யாரு தச்சாங்களோ அங்க அனுப்புங்க."

மதியத்துக்குள் காஜா மெஷின் பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய சட்டைகள் ஒரு கூடை நிறையச் சேர்ந்துவிட்டன. தளத்தில் மெஷின் சத்தம் குறைந்தது. ஷீல்டுக்காரருக்கு ஆல்டர் வந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? அவர் கூடையைப் பார்த்தார். ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு நேராக இவள் மேசைக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது. இது என்ன, யார் வேலை, எந்த மெஷின் கோளாறு என்று கேட்பார் என்று நினைத்தாள். அவர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"இன்னிக்கு ஏன் நீ தைக்கல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. சாப்பிடாமல் தைத்தது தெரியும். காலர் ஏன் கெட்டது என்று தெரியும். தெரிந்தேதான் மேடைக்குப் போனார், தெரிந்தேதான் ஷீல்டை ஜன்னலோரம் வைத்தார், தெரிந்தேதான் எதிரில் உட்காரவைத்து அந்தப் பேச்சுப் பேசினார். ஒரு வருஷமாக அவருக்குத் தெரியாமல் அவர் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று இவள் நினைத்திருக்கிறாள், பைத்தியக்காரி!

"என் வேலை நூல் வெட்டுறது" என்றாள். "நீங்கதான் மாத்தி விட்டீங்க."

"எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

அவர் சட்டையை மேசைமேல் எறிந்தார். "மானங்கெட்ட வேலை" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கேட்டைப் பார்த்து நடந்தார்.

தளம் முழுக்கத் திரும்பி இவளைப் பார்த்தது. இப்போது எழுந்து ஓடுவாள் என்று பார்த்தது. சூப்பர்வைசர்கூட வழியை மறிக்காமல் ஒதுங்கி நின்றார். அவள் கால்கள் ஸ்டூலுக்கு அடியில் துடித்தன. வீடு, மகள் படிப்பு, சுவரைப் பார்த்துப் படுக்கிற அந்த முதுகு, எல்லாம் கண்முன்னே வந்து போயின. அவள் அடுத்த சட்டையை எடுத்தாள்.

நூல் மேசையிலிருந்து கேட் தெரியாது. ஜன்னலோரம் இருந்த புதுப் பெண்தான் எட்டிப் பார்த்து நிலவரம் சொன்னாள்.

"கேட்டுக்கிட்ட நிக்கிறாரு, அக்கா."

இவள் நூலை வெட்டினாள்.

"வெளிய போகல. அவரு போட்டோ பக்கத்துலயே நிக்கிறாரு. இந்தப் பக்கந்தான் பாக்குறாரு."

இவள் இன்னொரு நூலை வெட்டினாள். சட்டைகள் வந்தன, போயின. வாட்ச்மேன் ஸ்டூல் கொடுத்தாராம், உட்காரவில்லையாம். கண்ணாடி அக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த சட்டையை விரித்தாள். டீ மணி அடிப்பதற்கு முன்னால் பின்பக்கக் கதவு கிறீச்சிட்டது. அவர் உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் ஓரமாக நடந்து போய்த் தன் மெஷினில் உட்கார்ந்தார். கூடையை இழுத்து வைத்துக்கொண்டு முதல் சட்டையை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். யாரும் ஓடவில்லை, யாரும் கையைப் பிடிக்கவில்லை, யாரும் எந்த வாசலிலும் நின்று மன்னிப்புக் கேட்கவில்லை. மானம் கேட் வரைக்கும் போய்விட்டுத் தானாகவே திரும்பி வந்துவிட்டது. எத்தனை தூரம் போகும் என்று ஒரே ஒரு தடவை, அந்த முதல் ஸ்டிக்கர் அன்றைக்காவது, அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்திருக்கலாம். ஜன்னலிலிருந்து நன்றாகவே தெரிந்திருக்கும்.

அழக்கூடாது என்று கத்தரிக்கோலை இறுக்கிப் பிடித்தாள். ஜன்னல் பக்கமிருந்து அந்தப் பெண் நல்ல செய்தி சொல்கிறவளாய், உற்சாகமாகக் குரல் கொடுத்தாள்.

"வந்துட்டாரு, நூல் அக்கா!"